நித்திரைக்குக் காவல் நின்ற அம்மையார்

சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு சாத்தப்படுகின்றது. உள்ளே சென்றவர் தாயாக இருக்கலாம், தந்தையாக இருக்கலாம், பெற்ற பிள்ளையாகவும் இருக்கலாம். வெளியே வாங்கில் அமர்ந்திருக்கும் வீட்டார் கத்தி பிடிக்கும் டொக்டரைப் பற்றி ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்து அறிந்திருப்பார்கள். அவருடைய கைராசியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சிருக்கும். ஆனால், அந்தக் கதவுக்கு உள்ளே இன்னும் ஒருவர் இருக்கின்றார். அவருடைய பெயரை வீட்டார் கேட்டறிந்திருப்பது அரிது.

முதல்நாள் மாலையிலே கட்டிலருகே வந்து, "பல் ஏதும் ஆடுகின்றதா? முன்னர் மயக்க மருந்து எடுத்ததுண்டா? ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?" என்று பொறுமையாக விசாரித்துச் சென்ற இளம் வைத்தியரே அவர். அவர் இன்னும் பயிற்சி பெறுபவர் என்று தாதி சொல்லக் கேட்டதும் வீட்டாரின் முகம் வாடிவிடுகின்றது. "படிக்கிற பிள்ளையா மயக்கம் கொடுக்கப் போகிறது?" என்று பாட்டி வாய்விட்டே கேட்டுவிடுகின்றார்.

பாட்டியின் கேள்வி நியாயமானதே. விழித்திருப்பவன் தனக்கு வைத்தியம் செய்பவனைக் கண்ணாற் பார்க்கலாம். ஐயமிருந்தால் எழுந்து போய்விடலாம். உணர்விழந்து கிடப்பவனோ தன் மூச்சையே பிறரிடம் ஒப்படைத்துவிட்டவன். அந்தப் பிறர் எவ்வளவு கற்றவர், யாரிடம் கற்றவர், அவர் கற்றதற்கு யார் சாட்சி என்று கேட்க அவனால் இயலாது. அவன் சார்பிலே அக்கேள்விகளை முன்னதாகவே கேட்டு வைப்பவைதாம் பயிற்சியும், பரீட்சையும், தகுதிப் பத்திரமும். அவை வந்த வரலாற்றை ஓர் அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு இங்கே காண்போம்.

பத்திரம் இல்லாத காலம்

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் வில்லியம் மோர்ட்டன் என்பார் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்து உணர்விழக்கச் செய்தார். ஜோன் கொலின்ஸ் வொரன் என்னும் பெயர்பெற்ற சத்திர வைத்தியர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். நோயாளி அலறவில்லை. கட்டிலோடு கட்டிப் பிடித்து வைத்து அறுத்த காலம் அன்றோடு மாறத் தொடங்கியது. இரண்டு மாதம் கழிந்து சில நாட்களிலே, டிசம்பர் 21ஆந் திகதி, இலண்டனிலே ரொபர்ட் லிஸ்டன் ஈதரின் துணைகொண்டு ஒருவருடைய காலை அகற்றினார். 1847ஆம் ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபோம் என்னும் மருந்தைக் கொண்டுவந்தார்.

இவ்வளவு பெரிய காரியத்தைத் தொடக்கி வைத்த மோர்ட்டன் ஒரு பல் வைத்தியர். முறையாகக் கற்று மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். அக்காலத்திலே அதனை எவரும் குறையாகக் கொள்ளவில்லை. ஒரு துணியை மடித்து மூக்கின்மேற் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குப் பட்டம் எதற்கு என்று உலகம் எண்ணியது.

அந்த எண்ணத்துக்கு விரைவிலேயே அடி விழுந்தது. 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹனா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் முகர்ந்தாள். சில நிமிடங்களுக்குள் உயிர் பிரிந்தது. நகத்துக்காகச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை. நோவை நீக்கும் மருந்து உயிரையும் நீக்கவல்லது என்பதை உலகம் அன்று அறிந்தது. அதன்பின் ஜோன் ஸ்னோ என்னும் இலண்டன் வைத்தியர் இம்மருந்துகளின் அளவையும் குணத்தையும் நுணுகி ஆராய்ந்து, 1853இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்துக்கே குளோரோபோம் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்றார்.

ஆயினும் ஸ்னோவைப் போன்றார் அருகியே தோன்றினர். அவருக்குப் பின்னரும் பல பத்தாண்டுகளாக மயக்க மருந்துக் குவளை யார் பக்கத்தில் நின்றாரோ அவர் கைக்கே சென்றது. சில இடங்களில் மாணவன். சில இடங்களில் புதிதாக வந்த வைத்தியன். அமெரிக்காவிலே தாதிமார் பலர் இத்தொழிலைக் கருத்தாகக் கற்றுத் திறமையோடு செய்து வந்தனர். ஆனால், இதனைத் தனியொரு மருத்துவத் துறையாக மதிப்பார் மிகச் சிலரே.

சத்திர வைத்தியம் கற்க வந்தவர்

இந்த நிலையிலேதான் வேர்ஜீனியா அப்கார் அம்மையார் வருகின்றார். 1909ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி நியூஜேர்சி மாநிலத்து வெஸ்ட்பீல்ட் என்னும் ஊரிலே பிறந்தவர். தகப்பனார் பொழுதுபோக்காக வானசாத்திரமும் விஞ்ஞான ஆராய்ச்சியும் செய்பவர். மூத்த தமையன் சிறு வயதிலேயே சயரோகத்தால் இறந்தார். வைத்தியராக வேண்டுமென்ற எண்ணம் அம்மையாருக்கு இளமையிலேயே வேரூன்றியதில் வியப்பில்லை.

மவுண்ட் ஹொலியோக் கல்லூரியில் விலங்கியல் கற்று 1929இல் பட்டம் பெற்றார். கையிற் பணமில்லாமையால் பல சிறு வேலைகளைச் செய்தே படிப்பை முடித்தார். அவ்வாண்டே நியூயோர்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த மாதமே அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. கடன் வாங்கியே படித்த அம்மையார் 1933இல் தம் வகுப்பிலே நான்காம் இடத்தைப் பெற்றுப் பட்டதாரியானார்.

அவர் விரும்பியது சத்திர வைத்தியம். அதற்கான பயிற்சியிடமும் கிடைத்தது. வேலையிற் குறை சொல்ல எவரும் இல்லை. ஆயினும், அங்கே தலைவராயிருந்த அலன் விப்பிள் அவரை அழைத்து, இத்துறையை விட்டு மயக்க மருந்துத் துறைக்குச் செல்லும்படி புத்தி கூறினார். அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. முன்னர் தம்மிடம் பயின்ற பெண்கள் சத்திர வைத்தியத் தொழிலில் நிலைபெற்று வாழ முடியாமற் போனமை ஒன்று. மயக்க மருந்துக் கலை முன்னேறாதவரை சத்திர வைத்தியமும் முன்னேறாது, அதற்கு ஊக்கமும் அறிவும் படைத்த வைத்தியர் ஒருவர் வேண்டும் என்பது மற்றையது.

முதற் காரணம் அக்காலத்து உலகின் குறை. இரண்டாவது காரணமோ உண்மையானது. ஆண்டுக்கணக்கிற் கண்ட கனவை மூடி வைத்துவிட்டு, எவரும் மதியாத தொழிலுக்குச் செல்வது எளிதன்று. அம்மையார் சென்றார்.

கற்பிப்பார் யார்?

சென்றபின்னரே பெரிய இடர் தெரிந்தது. இத்தொழிலை ஒரு வைத்தியருக்குக் கற்பிக்கும் இடம் எது? அக்காலத்து மயக்க மருந்து வைத்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பிராங்க் மக்மெக்கன் என்பவருக்கு அம்மையார் கடிதம் எழுதினார். மறுமொழியாக ஓர் அட்டவணை வந்தது. அதிலே இருந்த பயிற்சியிடங்கள் 13. இரண்டு வாரத்திற் கற்பித்து முடிப்பாரும் அதில் இருந்தனர்; மூன்று ஆண்டு கற்பிப்பாரும் இருந்தனர். சம்பளம் கொடுக்கும் இடங்களோ இரண்டே இரண்டு.

வாசகர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கற்றவரும் மூன்று ஆண்டு கற்றவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நோயாளியின் தலைமாட்டில் நிற்கலாம். இருவரையும் வேறுபடுத்திக் காட்டும் பத்திரம் இல்லை. அறுவைக்கு வந்த நோயாளிக்கு எவர் வாய்ப்பாரோ, அது அவருடைய அதிர்ஷ்டம்!

அம்மையார் தம் சொந்த வைத்தியசாலையிலேயே தொடங்கினார். மயக்க மருந்து கொடுக்கும் தாதிமாரிடம், வைத்தியப் பட்டம் பெற்ற தாம் மாணவியாக அமர்ந்து கற்றார். அறிவு எவரிடம் உளதோ அவரிடம் கற்பது இழிவன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்னர் 1937இன் முற்பாதியிலே விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகருக்குச் சென்று ரால்ப் வோட்டர்ஸ் என்பவரிடம் ஆறு மாதம் பயின்றார்.

இந்த வோட்டர்ஸ் மயக்க மருந்துக் கல்வியின் தந்தை எனத்தக்கவர். 1927இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து, வைத்தியர் பட்டம் பெற்றபின் இத்துறையை முறையாகப் பயிலும் திட்டமொன்றை முதன்முதலில் வகுத்தவர். நோயாளியை முதல்நாளே சென்று பார்த்தல், கூடத்திலே நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறித்து வைத்தல், தவறு நேர்ந்தவிடத்து ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்து ஒளிவு மறைவின்றி ஆராய்தல் ஆகியவை அவருடைய பாடசாலையின் ஒழுங்குகள். அம்மையார் பயின்ற அவ்விடத்திலே பெண் வைத்தியர் தங்குவதற்கு இடமில்லை. இருப்பிடம் மாறி மாறி அலைந்துகொண்டே அவர் கற்றார். அடுத்து நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையிலே, வோட்டர்ஸின் மாணவரான எமெரி ரோவன்ஸ்டைனிடம் மேலும் ஆறு மாதம் பயின்றார்.

1938இல் அம்மையார் கொலம்பியாவுக்குத் திரும்பினார். அங்கே மயக்க மருந்துப் பிரிவுக்குத் தலைவராக நியமிக்கப்பெற்றார். தலைவர் என்னும் பெயர் பெரிது. ஆயின், அவர்கீழ் வேலை செய்ய வைத்தியர்கள் முன்வரவில்லை. சில காலம் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே என்ற நிலை. சத்திர வைத்தியர்கள் தமக்குச் சமமானவராக மயக்க மருந்து வைத்தியரைக் கருத மறுத்தனர்.

பத்திரம் பிறந்தது

இதே காலத்திலேதான் தகுதிப் பத்திரங்களும் தோன்றின. பிரித்தானியாவில் மயக்க மருந்து வைத்தியர்க்கான முதலாவது டிப்ளோமாப் பரீட்சை 1935இல் நடைபெற்றது. 1937இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே இத்துறைக்கெனப் பேராசிரியர் பதவி உண்டாகி, ரொபர்ட் மக்கின்டொஷ் அதில் அமர்ந்தார். அமெரிக்காவிலும் 1937இல், சத்திர வைத்தியச் சபையின் கிளையாக மயக்க மருந்து வைத்தியர் பரீட்சைச் சபை தொடங்கப்பெற்று, 1941இல் தனிச் சபையாயிற்று. அச்சபையின் சான்றிதழை ஆரம்ப காலத்திலேயே பெற்ற மிகச் சில பெண்களுள் அப்கார் அம்மையாரும் ஒருவர்.

ஒரு காகிதத்தாலே உயிர் காக்கப்படுமா என்று சிலர் கேட்கலாம். காகிதம் உயிரைக் காப்பதில்லை. ஆனால், அக்காகிதத்தைப் பெறுவதற்கு ஒருவர் இத்தனை காலம் பயிலவேண்டும், இன்னின்னவற்றை அறிந்திருக்கவேண்டும், அறிந்தாரா என்பதை அவருக்கு வேண்டியவரல்லாத மூத்தோர் சோதிக்கவேண்டும் என்று விதித்தபோது, இரண்டு வாரக் கல்வி தானாகவே மறைந்தது. பத்திரத்தின் பெருமை அதுவே.

ஆயினும் பத்திரம் பெற்றார் எல்லார்க்கும் உரிய இடம் கிடைத்துவிடவில்லை. 1949இல் கொலம்பியாவிலே அம்மையார் பதினோராண்டு வளர்த்த பிரிவு தனித் துறையாக உயர்ந்தபோது, அதன் தலைமை இமானுவேல் பப்பர் என்னும் மற்றொருவருக்குச் சென்றது. அம்மையாருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அம்மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதற் பெண் அவரே. தலைமை கைக்கு வராததை எண்ணி அவர் முடங்கிவிடவில்லை. நிருவாகச் சுமை நீங்கியதென்று பிரசவக் கூடத்துக்குச் சென்றார். அங்கேதான் அவருடைய பெயர் உலகெங்கும் நிலைபெறும் காரியம் நிகழ்ந்தது.

ஐந்து கேள்விகள்

"பிள்ளை அழுததா?" பிரசவ அறையிலிருந்து எவர் வெளியே வந்தாலும் நம் பாட்டிமார் கேட்கும் முதற் கேள்வி இது. அழுகையே மூச்சுக்கு அடையாளம் என்பதை அவர்கள் அநுபவத்தால் அறிந்தவர்கள். ஆனால், அழாத பிள்ளையை என்ன செய்வது? அக்காலத்து வைத்தியசாலைகளிலே தாயையே எல்லாரும் கவனித்தனர். சோர்ந்து பிறந்த சிசுவை, அது பிழைப்பது அரிது என்று ஒருபுறம் கிடத்திவிடுவதும் உண்டு. மயக்க மருந்து வைத்தியராகிய அம்மையாரின் கண்ணோ மூச்சின்மேலே பதிந்த கண். மூச்சு நின்றவரை மீட்பது அவருடைய தொழில். பெரியவருக்குச் செய்வதைச் சிசுவுக்கும் ஏன் செய்யலாகாது?

ஒருநாட் காலை உணவு வேளையிலே ஒரு மாணவர், பிறந்த சிசுவின் நிலையை எவ்வாறு கணிப்பது என்று கேட்டதாகவும், அம்மையார் கைக்கெட்டிய காகிதத் துண்டொன்றை எடுத்து அங்கேயே ஐந்து குறிகளை எழுதிக் காட்டியதாகவும் சொல்வார்கள். இதயத் துடிப்பு, மூச்சு முயற்சி, தசையின் உறுதி, தூண்டினாற் காட்டும் எதிர்ச்செயல், உடலின் நிறம் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 எனப் புள்ளி. இதயம் நிமிடத்துக்கு 100க்கு மேல் துடித்தால் 2. அதற்குக் குறைந்தால் 1. துடிப்பே இல்லையேல் 0. இப்படியே ஏனையவும். மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்திலே இக்கணக்கைப் போடவேண்டும். ஐந்தாம் நிமிடத்திலே மீண்டும் போடும் வழக்கம் பின்னர் வந்தது.

1952இல் வெளியிட்டு, 1953இல் அச்சிட்ட இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும், காதும், கையும் போதும். அதனாலேயே அது நாடு கடந்து பரவியது. இன்று இலங்கையிலும் பிரசவக் குறிப்புகளிலே அப்கார் புள்ளி எழுதப்படுகின்றது. அது ஒருவருடைய பெயர் என்பதை அறியாதவர் பலர். அம்மையாருடைய பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துக்களையே ஐந்து குறிகளுக்கும் முதலெழுத்தாக வைத்து மாணவர்கள் மனனஞ் செய்வதால், அதனை வெறுஞ் சுருக்கெழுத்தென்றே எண்ணிவிடுகின்றார்கள்.

இங்கே தாய்மார்க்கு ஒன்று சொல்லிவைப்போம். இப்புள்ளி பரீட்சைப் புள்ளியன்று. முதல் நிமிடத்திலே குறைந்த புள்ளி பெற்ற சிசுக்களுட் பல ஐந்தாம் நிமிடத்திலே தேறிவிடுகின்றன. பிள்ளையின் அறிவையோ எதிர்காலத்தையோ இந்த எண்ணைக் கொண்டு கணித்தல் தவறு. உடனடியாக யாருக்கு உதவி வேண்டும், செய்த உதவி பலித்ததா என்பதைக் காட்டுவதே அதன் வேலை.

அம்மையாரின் நேர்மைக்கும் ஒரு சான்று உண்டு. சைக்ளோபுரொப்பேன் என்னும் வாயு அவர் மிக விரும்பிப் பயன்படுத்திய மயக்க மருந்து. தாய்க்கு அதைக் கொடுத்தால் சிசு சோர்ந்து பிறக்கின்றது என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சியிலேயே தெரியவந்தது. தமக்குப் பிரியமான மருந்தாயிற்றே என்று அவர் வாதாடவில்லை. பிரசவத்தில் அதனைக் கைவிட்டார். தாம் வகுத்த கணக்கு தம்மையே திருத்த வந்தபோது அதற்குத் தலைவணங்கினார்.

அவர் கற்பதை நிறுத்தவும் இல்லை. ஐம்பது வயதை அணுகியபோது மீண்டும் மாணவியாகி, 1959இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டு, 1974ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி காலமானார். தெருவிலே எவராவது மூச்சுத் திணறி விழுந்தால் உதவவேண்டுமென்று சிறு கத்தியும் சுவாசக் குழாயும் தம்மோடு கொண்டு திரிந்தவர் அவர். 1994இல் அமெரிக்க அரசு அவருடைய உருவம் பொறித்த தபால் முத்திரையை வெளியிட்டது.

பாட்டியின் கேள்விக்கு விடை

இனி, வாங்கில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் திரும்புவோம். மயக்கம் கொடுக்க வந்த இளம் வைத்தியர் பள்ளிக்கூடப் பிள்ளையல்லர். அமெரிக்காவிலே அவர் மருத்துவப் பட்டம் பெற்றபின் மேலும் நான்கு ஆண்டு பயிலவேண்டும். படிப்படியாகப் பல பரீட்சைகளைக் கடக்கவேண்டும். இலங்கையிலே அவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்து, மருத்துவ சபையிற் பதிவு பெற்றவர். அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் பரீட்சையில் தேறி, ஆண்டுக்கணக்கிற் பயின்று, எம்.டி. பட்டமும் பெற்ற பின்னரே விசேட வைத்திய நிபுணராகும் வழி திறக்கின்றது. பயிற்சிக் காலத்தில் அவர் தனித்து விடப்பட்டவர் அல்லர். பொறுப்பேற்கும் மூத்தவர் ஒருவர் உளர். ஆகவே, "உங்கள் மூத்த டொக்டர் யார்?" என்று மரியாதையாகக் கேட்பதிலே பிழையில்லை. நல்ல வைத்தியர் எவரும் அதற்குக் கோபிக்கமாட்டார்.

நம் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. அவர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையே சொல்லவேண்டும். "ஒன்றும் சாப்பிடக்கூடாது" என்று குறித்த நேரத்தின் பின்னர், பிள்ளை பசியால் அழுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு விசுக்கோத்தை ஒளித்துக் கொடுப்பது அன்பன்று. மயங்கிய நிலையில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையுட் சென்றால் உயிருக்கே ஆபத்து. பொய்ப்பல், வெற்றிலை, சுருட்டு, மதுப்பழக்கம், நாட்டு மருந்து, குடும்பத்தில் எவருக்காவது மயக்க மருந்தால் நேர்ந்த தீங்கு ஆகியவற்றை வெட்கப்பட்டு மறைத்தலாகாது. வைத்தியர் இவற்றைக் கேட்பது வம்புக்காக அன்று.

நம் மாணவர்களுக்கும் இவ்வரலாற்றிலே ஒரு பாடம் உண்டு. விரும்பிய வாசல் அடைபட்டபோது அப்கார் அம்மையார் அதன்முன் அமர்ந்து அழவில்லை. திறந்திருந்த வாசல் சிறிதாயிருந்தும் குனிந்து நுழைந்தார், தாதியிடமும் கற்றார், தகுதியைப் பத்திரத்தால் மட்டுமன்றிப் பணியாலும் நிலைநாட்டினார்.

கதவு திறக்கின்றது. நோயாளி கண் விழித்துவிட்டார். வீட்டார் ஓடிச்சென்று சத்திர வைத்தியரின் கையைப் பற்றி நன்றி சொல்கின்றார்கள். அவருக்குப் பின்னால், நோயாளியின் நாடியைப் பிடித்தபடி பேசாமல் வருகின்றாரே ஓர் இளம் வைத்தியர், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இவ்வளவு நேரமும் நித்திரைக்குக் காவல் நின்றவர் அவர்.